மழையிலும் மார்கழியிலும் சின்னக் குழந்தையை வெளியே விடலாமா?

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கும் தாய் ஒருவர், இரண்டு வயதை நெருங்கும் தம் மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஐப்பசியில் மழை பிடித்ததிலிருந்து குழந்தையைக் கீழே இறக்கி விளையாட விடவில்லை. மழை ஓய்ந்ததும் பனி இறங்கத் தொடங்கிவிட்டது என்று மாமியார் தடுத்துவிட்டார். தை பிறக்கட்டும், பிறகு பூங்காவுக்கு அழைத்துப் போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. இதற்கிடையில் குழந்தை சோபாவின் மீதேறிக் குதிக்கிறான், இரவு பதினோரு மணிவரை விழித்திருக்கிறான், செல்பேசியைக் காட்டினால்தான் வாயைத் திறக்கிறான். இவ்வளவு காத்தும் இரண்டு முறை சளி பிடித்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே ஆடக்கூடிய விளையாட்டுகள் என்னென்ன என்று அவர் எழுதியிருக்கிறார். அதற்கு அடியில் இருக்கும் கேள்வி வேறு: வெளியே விட்டால் நோய் வருமா, அடைத்து வைத்தால் வராதா, ஓடியாடுவதற்கும் உடல்நலத்துக்கும் இடையில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா? அதற்குப் பதில் சொல்லிவிட்டு விளையாட்டுக்கு வருகிறேன்.

நான் குழந்தைகள் நல மருத்துவம் பயின்று, இந்த நகரத்தில் நெடுங்காலமாகக் குழந்தைகளைப் பார்த்து வருகிறேன். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வரும் பெற்றோர் பெரும்பாலும் கேட்பது இதையேதான். இங்கே நான் எழுதுவது, நலமாக வளர்ந்துவரும் ஒன்றிலிருந்து மூன்று வயதுவரையான குழந்தைகளுக்குப் பொருந்தும். குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தை, அடிக்கடி வீசிங் வந்து நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கும் குழந்தை ஆகியோருக்கு, அவர்களைத் தொடர்ந்து பார்த்துவரும் மருத்துவரின் சொல்லையே முதலில் கேளுங்கள். குழந்தையைத் தொட்டுப் பார்க்காமல் எழுதும் பதில் அவ்வளவு தூரம் போக முடியாது.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். சளிக்குக் காரணம் வைரஸ். ரைனோ வைரஸ், ஆர்.எஸ்.வி., இன்ஃப்ளூயன்சா, அடினோ வைரஸ் என்று 200க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. ஒன்று வந்துபோனதால் அடுத்ததைத் தடுக்கும் ஆற்றல் கிடைத்துவிடுவதில்லை. அதனால்தான் நல்ல உடல்நலமுள்ள சின்னக் குழந்தைக்கே ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிக்கிறது. ஒவ்வொரு முறையும் இருமல் முழுவதுமாக அடங்க இரண்டு வாரம் ஆகலாம், சில குழந்தைகளுக்கு மூன்று வாரம்கூட ஆகும். அந்தக் கணக்கில் பார்த்தால், மழைக்கால மூன்று மாதங்களில் இரண்டு சளி என்பது எதிர்பார்க்கக்கூடியதே. அது உங்கள் கவனக்குறைவால் வந்ததன்று. குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் குறைந்துவிட்டது என்பதற்கும் சான்றன்று.

அந்த வைரஸ் மழைத்துளியில் இறங்கி வருவதில்லை, மனிதர்களிடமிருந்து வருகிறது. அலுவலகத்திலிருந்து திரும்பிய கையோடு குழந்தையைத் தூக்கும் அப்பா, பள்ளியிலிருந்து தும்மிக்கொண்டே வரும் அக்கா, குழந்தையைப் பார்க்க வந்து கன்னத்தில் முத்தமிடும் உறவினர் என எல்லாரும் அன்போடுதான் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். மழைச் சாரலுக்காகச் சன்னல்களை அடைத்துவிட்டு நான்கைந்து பேர் ஒரே கூடத்தில் மணிக்கணக்கில் இருக்கும்போது, ஒருவர் விட்ட மூச்சைத்தான் மற்றவர் இழுக்கிறார். திறந்த வெளியில் அந்த மூச்சு காற்றோடு கலைந்துவிடுகிறது. எனவே, வெளியே போகாத குழந்தைக்குச் சளி பிடித்ததில் வியப்பில்லை. சளியைப் பொறுத்தவரை, ஆள்கூட்டமில்லாத பூங்காவைவிட அடைத்த கூடமே தொற்றுக்கு வசதியான இடம்.

குளிர்ச்சிக்கு இதில் பங்கே கிடையாதா என்றால், இதே உறுதியோடு பதில் சொல்ல முடியாது. ரைனோ வைரஸ், உடலின் உள்வெப்பமான 37 டிகிரியைவிட, சற்றே குளிர்ந்த மூக்கின் 33 டிகிரி வெப்பத்தில் நன்றாகப் பெருகுகிறது என்பது ஆய்வகத்தில் கண்டது. 2005இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் வெளியான ஓர் ஆய்வில், 180 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினரின் கால்களை மட்டும் குளிர்ந்த நீரில் வைத்திருக்கச் செய்தார்கள். அடுத்த நான்கைந்து நாள்களில் அந்த 90 பேரில் 13 பேர் தமக்குச் சளி பிடித்ததாகச் சொன்னார்கள். மற்றப் பிரிவின் 90 பேரில் 5 பேர் அப்படிச் சொன்னார்கள். ஆகவே, உடல் குளிர்ந்துபோவது ஏற்கெனவே மூக்கில் இருக்கும் வைரஸுக்கு வழிவிடலாம் என்ற எண்ணத்தை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த ஆய்வு பெரியவர்களிடம் நடந்தது. அவர்கள் சொன்ன அறிகுறிகளைத்தான் எண்ணினார்களே தவிர, வைரஸ் இருக்கிறதா என்று பரிசோதிக்கவில்லை. நம் ஊரில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில்கூட வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. உறைபனி கொட்டும் வடக்கு ஐரோப்பிய நாடுகளில் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் போர்த்தி, திறந்த வெளியில் பகல் தூக்கம் தூங்க வைப்பது இன்றும் சாதாரண வழக்கம். தலையில் பனி இறங்கிச் சளியாக மாறுகிறது என்ற நம்பிக்கைக்குச் சான்று கிடையாது. நனைந்த உடையோடு குழந்தையை நெடுநேரம் விட வேண்டாம் என்பதற்கு மேல் அதிலிருந்து எடுத்துக்கொள்ள எதுவுமில்லை.

ஆயினும் விடியற்காலையில் வெளியே கொண்டுபோகாதே என்று உங்கள் மாமியார் சொல்வதை நான் ஒப்புக்கொள்கிறேன்; காரணம்தான் வேறு. மார்கழிக் காலையில் காற்று அசையாமல் நிற்பதால் வாகனப் புகையும் குப்பை எரித்த புகையும் மேலே எழும்பாமல் தரையை ஒட்டியே தங்கிவிடுகின்றன. பனியோடு பனியாக நம் கண்ணுக்குத் தெரிவதில் அந்தப் புகையும் இருக்கிறது. போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரியும் தெருக்களில் அது உச்சத்துக்குப் போகும். அன்று காலையும் தீபாவளி இரவும் குழந்தையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதே சரி. மற்ற நாள்களில் வெயில் ஏறிய பிறகு, எட்டரை ஒன்பது மணிக்கு மேல் போகலாம். வீட்டுப் பெரியவர்களிடம் பனி பொய் என்று வாதாடுவதைவிட, பனி விலகியபின் போகிறோம் என்று சொல்வது குழந்தைக்கு விரைவில் கதவைத் திறந்துவிடும்.

எவ்வளவு நேரம் ஓடியாட வேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகள் நாள் முழுவதற்குமாகக் குறைந்தது 180 நிமிடம் ஏதாவதொரு வகையில் உடலை அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று, நான்கு வயதில் அந்த 180 நிமிடத்தில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமாக இருக்க வேண்டும். மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டாம்; மாடிப்படி ஏறுவது, துவைத்த துணியை இழுத்துக்கொண்டு நடப்பது, பாட்டுக்குக் குதிப்பது எல்லாம் அதில் சேரும். திரையைப் பொறுத்தவரை, இரண்டு வயதுக்கு முன் வேண்டாம், அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது பொதுவான நெறி. இரவு பதினோரு மணிவரை விழித்திருக்கும் உங்கள் மகனுக்குத் தூக்கக் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பகலில் செலவாகாத தெம்பு இரவில் மிஞ்சுகிறது. அதே நேரத்தில், ஓடியாடினால் சளி பிடிக்காது என்று நான் வாக்குத் தர மாட்டேன். தூக்கம், பசி, உடற்சமநிலை, பேச்சு ஆகியவை ஓட்டத்தோடு சேர்ந்து வளர்கின்றன. ஓட விடச் சொல்வது அதற்காகத்தான்.

வெளியே போவதை இப்படி அமைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழை நாள் முழுவதும் பெய்வது புயல் நாள்களில்தான். மற்ற நாள்களில் இரண்டு மழைக்கு நடுவே ஒரு மணி நேரமாவது வெளுக்கிறது. அந்த இடைவெளியில் மொட்டை மாடிக்கோ குடியிருப்பின் முற்றத்துக்கோ அரை மணி நேரம் போதும். வார நாளில் காலை பத்து மணிக்கு மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ அண்ணா நகர் டவர் பூங்காவிலோ கூட்டம் குறைவாக இருக்கும். ஞாயிறு மாலை வணிக வளாகத்தில் உள்ள விளையாட்டுக் கூடத்தைவிடத் தொற்றுக்கு அங்கே வாய்ப்பு குறைவு. முழுக்கைப் பருத்திச் சட்டையும் முழுக்கால்சட்டையும் போதும். குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டரும் மாட்டிய குழந்தை ஓடத் தொடங்கினால் சில நிமிடங்களில் உள்ளே வியர்த்து நனைந்துவிடுவான். பிடரியில் விரலை வைத்துப் பாருங்கள்: ஈரமாக இருந்தால் உடை அதிகம், கதகதப்பாக உலர்ந்திருந்தால் சரி. உள்ளங்கை சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், இந்த வயதில் அது இயல்பே.

மழைக்காலத்தில் வெளியே நான் உண்மையில் அஞ்சுவது இரண்டு. ஒன்று தெருவில் தேங்கிய நீர். முற்றத்தில் அப்போதுதான் பெய்து நிற்கும் மழைநீரில் குழந்தை காலால் அடித்து விளையாடுவதில் பெரிய கேடு ஒன்றுமில்லை. கழிவுநீர்க் குழாய் வழிந்து கலக்கும் தெருநீர் அப்படியன்று. அதில் எலியின் சிறுநீரும் கலந்திருக்கும், அதன் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் என்ற காய்ச்சல் காலில் உள்ள சிறு சிராய்ப்பிலிருந்தும் உள்ளே நுழையும். அந்த நீரில் கால் வைக்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குவரை துடைத்துவிடுங்கள். இரண்டாவது கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. வெயில் ஏறும் முன்பும் பொழுது சாயும் நேரத்திலும் அதிகமாகக் கடிக்கும். அது சாக்கடையில் முட்டையிடுவதைவிட, பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறத் தட்டு, மாடியில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டை, மூடாத சம்ப் ஆகியவற்றில் நிற்கும் தெளிந்த நீரையே தேடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குச் சற்றே மேலாகும். எனவே வாரம் ஒரு நாள் இவற்றையெல்லாம் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் சுழற்சி அறுபடும். குழந்தை ஆடும் மொட்டை மாடியை முதலில் நீங்களே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

இனி, நீங்கள் கேட்ட விளையாட்டுகள். புயல் அறிவிப்பு வந்து இரண்டு நாள் கதவையே திறக்க முடியாதபோது, கூடத்தில் இருக்கும் டீப்பாயை ஓர் அறைக்குள் தள்ளிவிடுங்கள். கோரைப்பாயை விரித்து, அதன் ஒரு முனையில் தலையணைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு வையுங்கள். மறுமுனையில் ஒரு எவர்சில்வர் குண்டானை வையுங்கள். உருண்டைகளாகச் சுருட்டிய காலுறைகளைத் தலையணை மேட்டுக்கு அப்பால் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து குண்டானில் போடச் சொல்லுங்கள். ஏறுவது, இறங்குவது, குனிவது, நிமிர்வது, நடப்பது, குறிபார்ப்பது எல்லாம் அந்த ஒன்றிலேயே வந்துவிடுகின்றன. குண்டானில் விழும் ஒவ்வொன்றையும் நீங்கள் எண்ணிக் கைதட்டினால் இருபது நிமிடம் ஓடிவிடும். குழந்தை அதையே திரும்பத் திரும்பக் கேட்பான், சலிப்பு நமக்குத்தான். பாயில் படுத்து உருளுவது, பழைய போர்வையில் உட்கார வைத்து இழுப்பது, தூணுக்குப் பின்னால் கண்ணாமூச்சி ஆடுவது, தாத்தாவோடு கைவீசம்மா கைவீசு சொல்லிக்கொண்டே கூடத்தைச் சுற்றி வருவது என்று மாற்றிக்கொள்ளலாம். சோபாவில் குதிப்பதைத் திட்டி நிறுத்துவதைவிட, குதிப்பதற்கென்று தரையில் ஒரு மெத்தையைப் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அவன் உடல் கேட்பது அதைத்தான். வீட்டு வேலையும் விளையாட்டே: உலர்ந்த துணிகளை இந்த அறையிலிருந்து அந்த அறைக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னால் இரண்டு வயதுக் குழந்தை பெருமையோடு செய்வான்.

வீட்டுக்குள்ளே ஆட விடும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. தண்ணீர் வராது என்று புயலுக்கு முன் நிரப்பி வைக்கும் வாளியில், ஒரு சாண் நீர் இருந்தாலே இந்த வயதுக் குழந்தை தலைகீழாக விழுந்தால் எழ முடியாது. மூடி வையுங்கள் அல்லது குளியலறைக் கதவைத் தாழிட்டு வையுங்கள். ஈரக்காலோடு மொசைக் தரையில் ஓட விட வேண்டாம். கார்த்திகைக்கு வீட்டில் பொரி உருண்டையும் கடலை உருண்டையும் இருக்கும்: வேர்க்கடலையை வாயில் வைத்துக்கொண்டு ஓடும் குழந்தை சிரிக்கும்போதோ விழும்போதோ அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது. அப்படிப் போனதைக் கருவி விட்டு எடுக்க வேண்டிய குழந்தைகள் ஒவ்வோர் ஆண்டும் வருகிறார்கள். நான்கு வயதுவரை முழுக்கடலை வேண்டவே வேண்டாம், அரைத்துக் கொடுக்கலாம். பல்லாங்குழிச் சோழியும் புளியங்கொட்டையும் இதே வகைதான்.

தொற்றைக் குறைக்க என்ன செய்யலாம் என்றால், உண்மையில் பயன் தருபவை எளியவை. வெளியிலிருந்து வருபவர் எவராயினும் சோப்புப் போட்டு இருபது வினாடி கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குவது. சளி பிடித்திருக்கும் பெரியவர் அந்த நான்கைந்து நாள் முகக்கவசம் அணிவதும் முத்தத்தைத் தவிர்ப்பதும். மழை விட்டதும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றை ஓட விடுவது. அடுத்தது தடுப்பூசி. இன்ஃப்ளூயன்சா, அதாவது ஃப்ளூ, சென்னையில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் தலைதூக்குகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை ஆண்டுதோறும் இந்தத் தடுப்பூசி போட இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைக்கிறது. முதல்முறை போடும்போது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை வேண்டும். இது அரசின் இலவசப் பட்டியலில் இல்லை, செலவாகும். ஆனால் நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி., வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா, தட்டம்மை தடுப்பூசிகள் அரசு மையங்களில் இலவசம். அவை விட்டுப்போகாமல் போடப்பட்டிருக்கின்றனவா என்று அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஃப்ளூ தடுப்பூசி ஃப்ளூவைத்தான் தடுக்கும், மற்ற வைரஸ்களால் வரும் சளியைத் தடுக்காது.

வழக்கமாகச் செய்வதில் கைவிட வேண்டியவை சில. குளிப்பாட்டும்போது மூக்கிலும் தொண்டையிலும் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். இதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. தலை காய்வதற்குக் காட்டும் சாம்பிராணிப் புகையும் மூடிய அறையில் எரியும் கொசுவத்திச் சுருளும் மூச்சுக்குழாயை உறுத்துபவை. தலையைத் துண்டால் துவட்டிக் காயவிட்டால் போதும், கொசுவுக்கு வலை இருக்கிறது. கற்பூரத்தைச் சூடாக்கி எண்ணெயில் கலந்து தேய்ப்பதையும் தவிர்த்துவிடுங்கள். குழந்தை அதை வாயில் வைத்துவிட்டால் வலிப்பு வரும். கடையில் தாமாகவே வாங்கும் சளி, இருமல் மருந்து இந்த வயதுக்கு உதவுவதில்லை, தீங்கு செய்யக்கூடும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு இரவில் அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம், ஒரு வயதுக்குள் கூடாது. வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு ஆகியவற்றை மழைக்காலம் முழுவதும் நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம். அவை சளியைக் கொண்டுவருவதில்லை, நிறுத்துவதால் குழந்தைக்குத்தான் இழப்பு.

சளி பிடித்தபின் விளையாட விடலாமா என்றால், காய்ச்சல் இல்லாமல் மூக்கு மட்டும் ஒழுகும் குழந்தை தானாக ஓடினால் ஓடட்டும். மற்றக் குழந்தைகளோடு சேர்க்காமல் மாடியில் ஆடலாம். காய்ச்சல் இருந்தால் ஓய்வு, நீர், எடைக்கேற்ற பாராசிட்டமால். டெங்கு நடமாடும் இந்த மாதங்களில் காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் வருகிறது: காய்ச்சல் விட்டும் குழந்தை துவண்டு கிடந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாலோ, கைகால் சில்லிட்டாலோ, ஆறு மணி நேரம் சிறுநீர் கழிக்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சளியோடு மூச்சு வேகமாக இருப்பதாகத் தோன்றினால், குழந்தை அழாமல் இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள். ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ 108ஐ அழைத்து, எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்கோ உங்களுக்கு அருகிலுள்ள குழந்தைகள் பிரிவுக்கோ கொண்டு செல்லுங்கள். இவை எதுவும் இல்லாத சளி எனில், மருந்துக்கு அலையாமல் மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டு, காய்ச்சலில்லாமல் ஒரு முழு நாள் கழிந்தபின், வெயில் ஏறியதும் அவனைக் கீழே அழைத்துப் போய்விடுங்கள். அதற்குத் தை பிறக்க வேண்டியதில்லை.